கடலில் காற்றாலை: கரையோர மக்களைக் கலந்து பேசும் முறை

கிராமத்தில் கிணறு வெட்டுவதானாலும், சாலை போடுவதானாலும், ஊர் கூடிப் பேசிய பின்னரே மண்வெட்டியைக் கையில் எடுக்க வேண்டும் என்பது கிராம வளர்ச்சிப் பணியில் ஈடுபட்டோர் அனைவரும் அறிந்த பாடமாகும். ஊரைக் கேளாமல் வெட்டிய கிணற்றில் உப்பு நீர் ஊறிய பிறகு, "அந்த இடத்தில் நல்ல தண்ணீர் கிடைக்காது என்று எங்களுக்கு முன்பே தெரியும்" என்று முதியவர்கள் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். அவர்களிடம் அறிவு இருந்தது. அதனைக் கேட்பார்தாம் இல்லை. நிலத்தில் கற்ற இப்பாடத்தைக் கடலிலும் கடைப்பிடிக்க வேண்டிய காலம் இப்பொழுது வந்திருக்கிறது.

தமிழ்நாட்டின் தென்கோடியில் காற்றைக் கொண்டு மின்சாரம் எடுப்பது புதிய செய்தியன்று. ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியே வரும் காற்றில் முப்பந்தல் பகுதியின் காற்றாலைகள் நெடுங்காலமாகச் சுழன்று வருகின்றன. கடலின்மேல் வீசும் காற்று நிலக்காற்றைவிட வலிமையும் ஒழுங்கும் உடையது. ஆகவே கடலில் கம்பங்களை நாட்டி மின்சாரம் எடுக்கும் திட்டம் உலகின் பல நாடுகளில் பரவியிருக்கிறது. நம் மத்திய அரசாங்கம் 2015இல் இதற்கெனத் தேசியக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. 2023இல் கடற்பரப்பைக் குத்தகைக்கு விடுவதற்கான விதிகள் வந்தன. 2024 ஜூன் மாதத்தில் 7,453 கோடி ரூபாய் மதிப்புள்ள உதவித் திட்டம் ஒன்றுக்கு மத்திய அமைச்சரவை இசைவளித்தது. குஜராத் கடலில் 500 மெகாவாட்டும் தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட்டும் அமைக்க உதவுவதும், இப்பணிக்காக இரண்டு துறைமுகங்களைச் சீர்செய்வதும் அத்திட்டத்தின் நோக்கங்கள்.

தமிழ்நாட்டில் இதற்கென ஆராயப்பட்ட கடற்பகுதிகளுள் மன்னார் வளைகுடா முதன்மையானது. அக்கடலையே வயலாகக் கொண்டு வாழும் மக்கள் இராமேசுவரம் முதல் கன்னியாகுமரி வரை கரை நெடுகிலும் இருக்கின்றனர். அவர்களை எவ்வாறு கலந்து பேசுவது, எப்பொழுது கலந்து பேசுவது, அவர்கள் கூறியதை என்ன செய்வது என்பனவே இக்கட்டுரையில் நாம் ஆராயப்போகும் பொருள்.

கடலுக்குப் பட்டா இல்லை

ஒரு திட்டத்துக்காக நிலம் எடுப்பதானால், அதற்கு உரியவர் இன்னார் என்று பட்டா காட்டும். 2013ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டம், சமூகப் பாதிப்பை ஆராய வேண்டும், மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும், இழப்பீடு தர வேண்டும் என்று வகுத்திருக்கிறது. கடலுக்கு அத்தகைய பட்டா கிடையாது. பாட்டன் காலந்தொட்டு ஒரு பாரின்மேல் தூண்டில் போட்டு வரும் குடும்பத்திடம், அப்பார் தங்களுடையது என்று காட்ட ஒரு துண்டுக் காகிதமும் இராது. அவர்களுடைய உரிமை பழக்கத்தில் இருக்கிறது. பக்கத்து ஊர்க்காரர் அதனை மதிப்பதில் இருக்கிறது.

இன்னுமொன்று கவனிக்கத் தக்கது. 2006இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான அறிவிக்கை வெளிவந்தபோது, பொது விசாரணைக்கு உட்பட வேண்டிய தொழில்களின் அட்டவணையில் காற்றாலைகள் சேர்க்கப்படவில்லை. அவை புகை கக்குவதில்லை, கரி எரிப்பதில்லை என்பதால் அவ்வாறு விடப்பட்டதில் வியப்பில்லை. ஆயினும், புகையில்லாத தொழிலும் இடத்தை அடைத்துக்கொள்ளும். கம்பம் நாட்டும் காலத்தில் படகுகள் விலகிச் செல்ல வேண்டும். கம்பங்களுக்கிடையே கடலடியில் மின்கம்பி ஓடும். வலை இழுக்கும் வழி மாறும். பட்டாவும் இல்லாமல், விசாரணைக்கான கட்டாயமும் இல்லாமல் இருக்கும் இடத்தில், மக்களைக் கலந்து பேசுவது அதிகாரிகளின் நல்லெண்ணத்தையும் ஊராரின் விழிப்பையுமே நம்பியிருக்கிறது. ஆகவேதான் இதனை நாம் ஒரு பாடமாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

நமக்கு முன்னே இவ்வழியில் நடந்தவர்கள் உண்டு. அவர்களுடைய வெற்றியும் தோல்வியும் நமக்குப் பயன்படும். முதலில், ஒன்றுக்கொன்று அண்மையிலுள்ள இரண்டு அமெரிக்கக் கடற்பகுதிகளில் நிகழ்ந்ததைக் காண்போம்.

இரு கடல்கள், இரு முடிவுகள்

அமெரிக்காவின் வடகிழக்கில் மாசசூசெட்ஸ் மாநிலம் இருக்கிறது. அதன் கரையை ஒட்டிய நான்டக்கெட் கடற்பகுதியில் 130 காற்றாலைகள் நிறுவ வேண்டுமென 2001இல் ஒரு நிறுவனம் முன்வந்தது. கேப் விண்ட் என்பது அத்திட்டத்தின் பெயர். காற்று நன்றாக வீசும் இடம், ஆழமும் குறைவு, கரையும் அருகில். கணக்குப் பார்த்தவர்களுக்கு இதைவிடச் சிறந்த இடம் தோன்றவில்லை. ஆனால் இடத்தைத் தேர்ந்த பின்னரே கரையிலுள்ளவர்களிடம் பேச்சு தொடங்கிற்று. கரையோர மாளிகைகளின் செல்வர்கள் காட்சி கெடும் என்றனர். மீனவர்கள் தொழில் கெடும் என்றனர். வாம்பனோக் என்னும் பழங்குடியினர், கடலில் எழும் கதிரவனைத் தடையின்றிக் கண்டு வணங்குவது தங்கள் வழிபாடு என்றனர். ஒவ்வொரு கூட்டமும் ஒரு வழக்காக மாறிற்று. 2010இல் மத்திய அரசின் இசைவு கிடைத்தும் பயனில்லை. 2017இல் திட்டம் கைவிடப்பட்டது. பதினாறு ஆண்டுகள் கழிந்தன. ஒரு காற்றாலைகூட எழவில்லை.

அருகிலேயே ரோட் ஐலண்ட் என்னும் சிறிய மாநிலம் இருக்கிறது. அங்குள்ளோர் வேறு வழியை மேற்கொண்டனர். காற்றாலைக்கு இடம் குறிப்பதற்கு முன் கடலை அறிந்துகொள்வோம் என்று அவர்கள் முடிவு செய்தனர். அம்மாநிலத்தின் கடற்கரை வள நிர்வாகக் குழுவும் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2008இல் பணியைத் தொடங்கின. ஏறத்தாழ 3,800 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு ஆராயப்பட்டது. கடலடி எப்படிப்பட்டது, பறவைகள் எங்கே தங்குகின்றன, மீன் எங்கே முட்டையிடுகிறது, கப்பல்கள் எவ்வழி செல்கின்றன, மீனவர்கள் எங்கே தொழில் செய்கின்றனர் என்பன யாவும் ஒரே திட்டத்தில் இடம்பெற்றன. மீனவர், தீவினர், பழங்குடியினர், சுற்றுச்சூழல் ஆர்வலர், வணிகர் ஆகியோரின் கூட்டம் அடிக்கடி நடந்தது. எவரும் வந்து கேட்கலாம், பேசலாம் என்று கதவு திறந்து வைக்கப்பட்டது. 2010இல் திட்டம் ஏற்கப்பட்டது.

அதன் விளைவாக பிளாக் ஐலண்ட் என்னும் தீவின் அருகே, கரையிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் தொலைவில், ஐந்து காற்றாலைகள் எழுந்தன. ஒவ்வொன்றும் 6 மெகாவாட் திறனுடையது. 2016 டிசம்பரில் அவை மின்சாரம் அனுப்பத் தொடங்கின. அமெரிக்கக் கடலில் வணிகமுறையில் இயங்கிய முதற் காற்றாலைத் தொகுதி இதுவே. ஆண்டு முழுதும் தங்குவோர் ஏறத்தாழ ஆயிரம் பேரே உள்ள அத்தீவில், அதுகாறும் டீசல் இயந்திரங்களே விளக்கெரித்தன. ஆண்டொன்றுக்குப் பத்து லட்சம் காலன் அளவுக்கு டீசல் எரிந்தது. மின்கட்டணமோ மிக உயர்வு. கடலடிக் கம்பி தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பின், 2017 மே மாதத்தில் அவ்வியந்திரங்கள் நிறுத்தப்பட்டன. தீவினர் எல்லோரும் ஒருமனத்தினராய் இருந்தனர் என்று எண்ண வேண்டா. காட்சி கெடும் என்றோரும், விலை மிகுதி என்றோரும் இருந்தனர். ஆயினும் திட்டம் தங்கள் மேல் வந்து விழுந்தது என்று சொல்வோர் குறைவு. அது தங்கள் கண்முன்னே வளர்ந்தது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

மீனவர் வரைந்த படம்

ரோட் ஐலண்டின் பணியில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது படம் வரைந்த முறையாகும். ஆய்வாளர்கள் கடற்படத்தை எடுத்துக்கொண்டு மீனவர்களிடம் சென்றனர். இழுவலைக்காரர், செவுள்வலைக்காரர், சிங்கி இறால் கூண்டு வைப்போர், பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுவோர் என்று ஒவ்வொரு வகையினரிடமும் தனித்தனியே பேசினர். எந்தப் பருவத்தில், எந்த மீனுக்காக, எந்த இடத்துக்குச் செல்கிறீர்கள் என்று கேட்டு, அவர்கள் கைகாட்டியவாறே படத்தில் குறித்தனர். அறிக்கைகளிலும் புள்ளி விவரங்களிலும் காணாத பல செய்திகள் அப்படத்தில் ஏறின.

இது ஏன் இன்றியமையாதது? கூட்டத்தில் எழுந்து, "எங்கள் தொழில் பாதிக்கும்" என்று ஒருவர் சொன்னால், அது பொதுவான மனக்குறையாகக் குறிக்கப்பட்டு மறக்கப்படும். "ஐப்பசியிலும் கார்த்திகையிலும் இந்த இடத்தில் இந்த வலை விடுகிறோம்; இதன் நடுவே கம்பம் வந்தால் வலை திருப்ப இடமில்லை" என்று படத்தைக் காட்டிச் சொன்னால், அதற்குப் பொறியாளர் விடை கூறியே தீரவேண்டும். மனக்குறையை எளிதில் ஒதுக்கிவிடலாம். படத்தை அவ்வாறு ஒதுக்க முடியாது.

காற்றாலைகள் எழுந்த பிறகும் ஆராய்ச்சி நிற்கவில்லை. கட்டுவதற்கு முன்பும் பின்பும், ஆண்டுக்கணக்காக, அக்கடலில் தொழில் செய்யும் மீன்பிடி படகு ஒன்றைக் கொண்டே வலையிழுத்து மீன் கணக்கெடுக்கப்பட்டது. கம்பங்களின் அடியில் சிப்பிகள் பற்றி வளர்ந்தன. அவற்றை நாடிச் சிலவகை மீன்கள் கூடின. தூண்டில் போடுவோர் மகிழ்ந்தனர். ஆனால் தூண்டில்காரர் திரளவே, அவ்விடத்தில் நெரிசல் என்று தொழில்முறை மீனவர் சிலர் குறைப்பட்டனர். ஒரே கம்பம் ஒருவருக்கு நன்மையாகவும் மற்றொருவருக்கு இடைஞ்சலாகவும் அமையக்கூடும். "மீனவர்கள்" என்று மொத்தமாகச் சொல்லி ஒருவரைக் கேட்டால் போதாது. தொழில்தோறும் கேட்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

கிழக்கு மேற்குக் கோடுகள்

கேட்டதனால் பெரிய திட்டமொன்றின் அமைப்பே மாறிய செய்தியும் அக்கடலிலேயே உண்டு. ரோட் ஐலண்டுக்குக் கிழக்கே, மாசசூசெட்ஸின் தென்கடலில், வைன்யார்ட் விண்ட் என்ற பெருந்திட்டம் வந்தது. அதன் கம்பங்களை வடமேற்குத் தென்கிழக்காக வரிசைப்படுத்த எண்ணியிருந்தனர். ரோட் ஐலண்டு மீனவர்கள் இதனை மறுத்தனர். அவர்கள் கூறிய காரணத்தை நம் வாசகர்கள் எளிதில் உணர்வார்கள்.

அக்கடலில் இரு வகையினர் தொழில் செய்கின்றனர். ஒருவகையினர் இறால் கூண்டுகளை ஓரிடத்தில் போட்டு வைப்பவர். மற்றவர் வலையை இழுத்துக்கொண்டு செல்பவர். இழுவலை கூண்டு வரிசையில் புகுந்தால் இருவருக்கும் நட்டம். ஆகவே முற்காலத்தில் திசையறியப் பயன்பட்ட லோரான் என்னும் வானொலி முறையின் கோடுகளை அடையாளமாகக் கொண்டு, கிழக்கு மேற்காகக் கூண்டுகளுக்கு ஒரு பட்டி, வலைகளுக்கு ஒரு பட்டி என்று தமக்குள் பங்கிட்டுக்கொண்டனர். இதற்குச் சட்டம் இல்லை, எழுத்து இல்லை, வாய்ச்சொல்லும் நம்பிக்கையுமே இருந்தன. வேறு திசையில் கம்பங்கள் வந்தால் அந்த ஏற்பாடு முழுதும் சிதைந்துவிடும்.

நம் பாக்கு நீரிணைக் கரையில் வாரத்தின் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று வகுத்துக்கொண்ட ஏற்பாட்டை அறிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். கடலில் அமைதி என்பது இத்தகைய ஏற்பாடுகளால் நிலைப்பது. வெளியிலிருந்து வருவோர் கண்ணுக்கு அவை தென்படமாட்டா, கேட்டால்தான் தெரியும்.

2019இல் அக்கடற்பகுதியில் குத்தகை பெற்ற நிறுவனங்கள் ஐந்தும் ஒரு முடிவுக்கு வந்தன. எல்லாக் கம்பங்களும் கிழக்கு மேற்கும் வடக்கு தெற்குமாக, ஒன்றுக்கொன்று ஒரு கடல் மைல் இடைவெளியில், ஒரே ஒழுங்கில் நிற்கும் என்று அறிவித்தன. இன்னும் அகலமான வழி வேண்டுமென்று கேட்ட மீனவர்களும் உண்டு. ஆயினும், வாய்ச்சொல்லாக இருந்த ஒரு ஏற்பாடு பொறியாளரின் வரைபடத்தையே திருப்பியது என்பது சிறிய செய்தியன்று.

கோபன்ஹேகனில் மாறிய வரிசை

இவ்வகையில் நாம் காணத்தக்க இன்னொரு நாடு டென்மார்க். அந்நாடு 1991லேயே கடலில் காற்றாலை நிறுவிய முன்னோடி. அதன் தலைநகரான கோபன்ஹேகனின் துறைமுகத்துக்கு வெளியே மிடல்கிரண்டன் என்னும் ஆழம் குறைந்த கடற்பகுதி உண்டு. அங்கே 27 காற்றாலைகளை மூன்று வரிசையில் நிறுவுவதாக முதலில் திட்டம் இருந்தது. 1997இல் மக்கள் கருத்துக்கு அது வைக்கப்பட்டபோது, நகரின் கடற்காட்சிக்கு இது பொருந்தாது என்று பலர் கூறினர். திட்டம் திருத்தப்பட்டது. காற்றாலைகள் 20 ஆகக் குறைந்தன. மூன்று வரிசையும் ஒரே வில்வளைவாக மாறிற்று. ஓசை மிகுமோ என்று அஞ்சியவர்களை, இயங்கும் காற்றாலை ஒன்றினிடம் அழைத்துச் சென்று காதால் கேட்கச் செய்தனர்.

அத்தொகுதியில் பாதி மின்சார நிறுவனத்துக்கு உரியது. மறுபாதி ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு உரியது. எட்டாயிரத்துக்கு மேற்பட்ட குடிமக்கள் பங்கு வாங்கி அச்சங்கத்தில் சேர்ந்தனர். 40 மெகாவாட் திறனுடைய அத்தொகுதி 2001 முதல் முழுமையாக இயங்கலாயிற்று. கூட்டுறவு இயக்கத்தை வளர்த்த நம் மாநிலத்தில் இச்செய்தி சிந்தனைக்கு உரியது. பங்குடையவர் கேட்கும் கேள்விக்கும், பார்வையாளர் கேட்கும் கேள்விக்கும் வேறுபாடு உண்டு. கணக்கைக் காட்டு என்று கேட்கும் உரிமை பங்குடையவருக்கு இருக்கிறது.

கேட்டும் கேளாத நிலை

இதுவரை நல்ல பக்கத்தைக் கண்டோம். மறுபக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. ரோட் ஐலண்டின் கடல் திட்டத்தின்கீழ் மீனவர் ஆலோசனைக் குழு ஒன்று அமைந்திருந்தது. காற்றாலை நிறுவனங்கள் அக்குழுவுடன் பேசிய பிறகே மாநிலத்தின் இசைவு கிடைக்கும். வைன்யார்ட் விண்ட் திட்டத்தில் 2019இல் அக்குழு பேச்சு நடத்தி, ரோட் ஐலண்டு மீனவர்களுக்காக 1 கோடியே 67 லட்சம் டாலர் அளவுக்கு ஈட்டுத் தொகையும் நிதியும் பெற ஒப்புக்கொண்டது. தொகை போதாது என்று மனங்கசந்தோர் இருந்தபோதிலும், பேச்சுக்கு ஒரு பயன் இருந்தது.

பின்னர்த் திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வளமான மீன்பிடிப் பாறைத்திட்டுகளின் அருகே கம்பங்கள் வேண்டா என்று குழு எடுத்துரைத்தது. நிர்வாகக் குழுவோ திட்டங்களுக்கு இசைவளித்துக்கொண்டே சென்றது. 2023இல் சன்ரைஸ் விண்ட் என்னும் திட்டத்துக்கும் இசைவு அளிக்கப்பட்டபோது, மீனவர் ஆலோசனைக் குழுவின் உறுப்பினர்கள் அனைவரும் ஒருங்கே பதவி விலகினர். தாங்கள் சொல்வதற்கு மதிப்பில்லாத இடத்தில் உட்கார்ந்திருப்பதில் பொருளில்லை என்பது அவர்கள் செயலின் கருத்து.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கடற்படத்தின்மேல் விரல் வைத்து இடங்காட்டியவர்கள் இத்துறையைச் சேர்ந்த மீனவர்கள்தாம். அவர்கள் காற்றாலையே வேண்டாம் என்று தொடங்கியவர்கள் அல்லர். கேட்டார்கள் என்பதனால் வந்தார்கள்; கேட்டதற்குப் பயனில்லை என்று கண்டபோது எழுந்து சென்றார்கள். ஒருமுறை எழுந்து சென்றவரைத் திரும்ப அழைத்து உட்கார வைப்பது எளிதன்று. நம்பிக்கை சேர்வதற்கு ஆண்டுகள் ஆகும். போவதற்கு ஒரு கூட்டம் போதும்.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்றே. கலந்து பேசுதல் என்பது மூன்று பகுதிகளை உடையது. முடிவுக்கு முன்னர்க் கேட்பது முதற்பகுதி. கேட்டதனால் எது மாறியது என்று காட்டுவது இரண்டாம் பகுதி. எது மாறவில்லையோ அதற்குக் காரணம் கூறுவது மூன்றாம் பகுதி. முதற்பகுதி மட்டும் நடந்தால் அது கூட்டம் போடுவதேயாகும், கலந்து பேசுவதாகாது.

நம் கரையில் செய்யத் தக்கவை

இப்பாடத்தை நம் கடற்கரைக்குப் பொருத்திப் பார்ப்போம். மன்னார் வளைகுடாவில் தொழில் பல. செவுள்வலை விடுவோர், நண்டு வலைக்காரர், கணவாய்க்குத் தூண்டில் போடுவோர், சங்கு குளிப்போர், விசைப்படகில் இழுவலை இழுப்போர் எனப் பலர் உண்டு. இராமநாதபுரம் மாவட்டக் கரையில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் உண்டு. கரையில் மீன் வாங்கித் தலைச்சுமையாய்க் கொண்டு விற்கும் பெண்களும், கருவாடு உலர்த்துவோரும் உண்டு. கடலில் 21 தீவுகள் அடங்கிய தேசியப் பூங்கா 1986 முதல் காக்கப்பட்டு வருகிறது. இத்தனைக்கும் நடுவே ஓர் இடத்தைத் தேர்வதானால், காற்றின் வேகத்தை அளப்பது மட்டும் போதாது.

முதலாவது, காலம் அறிந்து கூட்டம் கூட்ட வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அவர்களிடம் பேச அதுவே ஏற்ற காலம். ஆனால் அந்நாட்களிலும் நாட்டுப்படகுகள் கடலுக்குச் செல்லும். அவர்களுக்குக் கடலுக்குப் போகாத நாள் எதுவோ அந்நாளே கூட்ட நாள். மாவட்டத் தலைநகரில், வேலை நாளில், பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, மீனவர் வரவில்லை என்று எழுதுவது முறையாகாது.

இரண்டாவது, இடம் அறிந்து கூட வேண்டும். கடற்கரையிலேயே, படகுகள் ஏறும் துறையிலேயே பேச்சு நடக்கட்டும். கிராம சபை இதற்குச் சட்டப்படி அமைந்த மன்றம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூட்டுவது 2022 முதல் வழக்கத்துக்கு வந்திருக்கிறது. அதனுடன், மீனவ ஊர்களில் வழிவழியாக இயங்கும் ஊர்க் கமிட்டியையும் கலந்துகொள்ள வேண்டும். ஊர்க் கமிட்டியில் பெரும்பாலும் ஆடவரே அமர்வர். ஆதலால் பாசி எடுக்கும் பெண்களையும் மீன் விற்கும் பெண்களையும் தனியே கூட்டிக் கேட்பது அவசியம்.

மூன்றாவது, ஊரே தன் கடற்படத்தை முன்கூட்டி வரைந்து வைக்க வேண்டும். இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. கச்சான் காலத்தில் எங்கே தொழில், வாடைக் காலத்தில் எங்கே தொழில், எந்தப் பார் எந்த மீனுக்கு, படகு எவ்வழி போய் எவ்வழி திரும்பும் என்று முதியவர் சொல்ல, பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் குறித்துக்கொள்ளலாம். இடங்காட்டும் கருவி இன்று பல படகுகளில் இருக்கிறது. அதன் எண்களைக் குறித்தால் படம் துல்லியமாகும். தொழில் இரகசியமான சில இடங்களை வெளியிட வேண்டா என்று ஊர் கருதினால், அதனை மதித்துப் பரப்பை மட்டும் காட்டினால் போதும். இப்படம் காற்றாலைக்கு மட்டுமன்றி, நாளை வரும் எந்தத் திட்டத்துக்கும் ஊரின் கையிலுள்ள ஆவணமாக விளங்கும்.

நான்காவது, திட்டத்தின் விவரம் நல்ல தமிழில், படத்துடன், கூட்டத்துக்குப் பல நாட்கள் முன்பே ஊருக்கு வரவேண்டும். நூற்றுக்கணக்கான பக்க அறிக்கையை மேடையில் வைத்துவிட்டு, "ஏதேனும் சந்தேகம் உண்டா?" என்று கேட்டால், மௌனமே விடையாகக் கிடைக்கும். அம்மௌனத்தைச் சம்மதம் என்று குறிப்பதால் பின்னர்த் தொல்லையே விளையும்.

ஊர் கேட்க வேண்டிய கேள்விகள்

கூட்டத்துக்குச் செல்லும் ஊரார் கீழ்க்கண்ட கேள்விகளை எழுதி எடுத்துச் செல்வது நன்று.

1. கம்பங்கள் நிற்கும் இடம் முடிவாகிவிட்டதா, அல்லது மாற்றக்கூடியதா? எந்தத் தேதி வரை மாற்றலாம்?

2. வேலை நடக்கும் காலத்தில் எவ்வளவு பரப்பில், எத்தனை மாதம் தொழில் செய்யக் கூடாது? அம்மாதங்களில் குடும்பம் நடத்த என்ன ஏற்பாடு?

3. வேலை முடிந்த பின், கம்பங்களுக்கு இடையே படகு செல்லலாமா? எந்த வலையை விடலாம், எதனை விடக் கூடாது?

4. கடலடிக் கம்பி எவ்வளவு ஆழத்தில் புதைக்கப்படும்? பிளாக் ஐலண்டில் கரையருகே மணல் நகர்ந்து கம்பி வெளிப்பட்டு, மீண்டும் புதைக்க நேர்ந்தது. இங்கே வலை சிக்கினால் நட்டத்தை யார் தருவார்?

5. விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? 2024 ஜூலையில் வைன்யார்ட் விண்ட் காற்றாலை ஒன்றின் இறகு முறிந்து, அதன் துண்டுகள் நான்டக்கெட் கடற்கரையில் ஒதுங்கின. கடற்கரையை மூட நேர்ந்தது.

6. மீன் வரத்துக் கணக்கை, கட்டுவதற்கு முன் எத்தனை ஆண்டு எடுப்பீர்கள்? அப்பணியில் எங்கள் படகுகளை அமர்த்துவீர்களா?

7. காவல், படகோட்டம், பராமரிப்பு வேலைகளில் எங்கள் இளைஞர்களுக்குப் பயிற்சியும் இடமும் உண்டா?

8. இன்று நாங்கள் சொன்னவற்றுக்கு எந்த நாளில், எழுத்து மூலம், விடை கிடைக்கும்?

கடைசிக் கேள்வியே எல்லாவற்றிலும் முதன்மையானது. அதற்கு விடை கிடைத்தால் மற்றவற்றுக்கும் காலப்போக்கில் விடை கிடைக்கும். கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை அன்றே வாசிக்கச் செய்து, சொன்னது சொன்னபடி இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். அதன் படி ஒன்று ஊராட்சி அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

அதிகாரிகளுக்கும் ஒரு சொல். ஊரார் கேள்வி கேட்பதை எதிர்ப்பு என்று கொள்ள வேண்டா. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்பதை மீனவர் மறுப்பதில்லை. பனிக்கட்டித் தொழிற்சாலை ஓடுவதும் மின்சாரத்தால்தான். புயலும் வெப்பமும் மிகுந்து வரும் இக்காலத்தில், புகையில்லாத மின்சாரத்தின் தேவையைக் கடலோடு வாழ்வோர் மற்றவரைவிட நன்கு அறிவர். அவர்கள் கேட்பது, தங்கள் தொழிலும் அந்தக் கணக்கில் ஏற வேண்டும் என்பதே. பதினாறு ஆண்டு வழக்காடி ஒன்றும் எழாத கடலையும், இரண்டாண்டு கேட்டறிந்து ஐந்து காற்றாலைகள் எழுந்த கடலையும் நாம் கண்டோம். பொறுமையாகக் கேட்பதற்குச் செலவாகும் காலம் வீணாகும் காலமன்று.

காற்றின் போக்கைப் பார்த்தே பாய் விரிப்பவர்கள் நம் கடலோடிகள். எந்தக் காற்று எந்த மாதத்தில் எத்திசையிலிருந்து எழும் என்று கருவிகள் வருவதற்கு முன்பே கணித்துப் பெயரிட்டவர்கள் அவர்கள். அக்காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கப் புறப்படும் நாம், முதலில் அவர்களுடைய கரையில் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்போம். கேட்டதற்கு விடையும் சொல்வோம்.